இரண்டாந்தரம் போன தூதன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் விசாரித்து அறிய வேண்டாம்.

அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் மல்லாவிக்கு அங்காலே காடாய்க் கிடந்த நிலத்தை வயலாக்கினேன். பாறை உடைத்துக் கிணறு இறக்கினேன். ‘இந்த இடத்தில தண்ணி காணமாட்டாய்’ என்று சொன்ன ஓவசியர், பிறகு அந்தக் கிணற்றடியில்தான் நின்று தலை துவட்டினார். எங்கள் குடியேற்றத்தில் முதல் ஓட்டு வீடு என்னுடையது. முதல் நெல் மில்லும் என்னுடையது. பிள்ளைகள் இருந்து படிக்கக் கொட்டில் போட்டேன். மாரியில் வண்டி புதைகிற இடத்துக்குக் கல் கொண்டுவந்து பறித்து ரோட்டை உயர்த்தினேன். காய்ச்சல், யானை, பன்றி, அரசாங்கக் கந்தோர்க்காரர் எல்லாரும் முறைவைத்து மறித்தார்கள். நான் நிற்கவில்லை.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் முந்தின கிழமைகளில் எழுதிவிட்டேன். அதை வாசித்த ஒருவர் வவுனியாவிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். நல்ல கையெழுத்து. படித்த மனுசர். ‘ஐயா, நீங்கள் இவ்வளவு செய்து முடித்தது உங்கள் விதியா, அல்லது எல்லாம் தற்செயலாகக் கூடிவந்ததா?’ என்று மரியாதையாகக் கேட்கிறார்.

மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவருக்குப் பதிலாக ஒரு பின்னேரத்தைச் சொல்கிறேன். அன்றைக்கு ஒரு பெண்ணின் உயிர் போகிறதா நிற்கிறதா என்று இழுபட்டது. அந்த உயிர் விதியால் நின்றது என்று ஒரு பகுதியும், தற்செயலாக நின்றது என்று இன்னொரு பகுதியும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிள் மிதித்தவன் நான்.

படலையில் நின்ற கோலம்

சிறுபோகத்துக்கு வயலில் தண்ணீர் கட்டி, எருமை விட்டு மிதிக்கிற காலம். வைகாசி பிறக்கப் போகிற வெயில்.

பரியாரியாரின் வேலிப் படலையில் நான் நிற்கிறேன். மூச்சு வாங்குகிறது. தொடைவரை சேறு. உடுத்திருந்த சாரம் நனைந்து காலோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. சைக்கிளைக் குளக்கட்டில் விட்டுவிட்டுக் குறுக்கே ஓடி வந்ததில் உள்ளங்காலில் முள் ஏறிவிட்டது. அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு, படலையின் கப்புத் தூணை ஒரு கையால் பிடித்தபடி நிற்கிறேன். தோளில் எருமைக் கயிறு.

பரியாரியார் எங்களுக்கு முன்பே அந்தக் காட்டுக்குள் குடியிருந்த பழைய ஊர்க்காரர். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து விஷகடி வைத்தியம். முற்றத்தில் பாய் விரித்து வேர்கள் காயவிட்டிருந்தார். பச்சையும் கசப்பும் கலந்த ஒரு மணம். அவர் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருதரம் பார்த்தார். பிறகு வேரைப் புரட்டிப் போடத் தொடங்கினார்.

“திரும்பிப் போ தம்பி. நான் வந்து பிரயோசனமில்லை.”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே ஐயா.”

“நீ சொல்லிப்போட்டாய்.”

“எங்கட பக்கத்துக் காணி தங்கமக்காவைப் பாம்பு கடிச்சுப்போட்டுது. விறகு எடுக்கப் போன இடத்தில. என்ன பாம்பெண்டு ஒருத்தரும் காணேல்லை. கெதியா வாங்கோ.”

“தெற்குப் பக்கத்தால வாறாய்,” என்றார், வேரிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஈரச் சாரம். ஒரு கால் நிலத்தில இல்லை. கப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். தோளில கயிறு. எமன்கூட இவ்வளவு சாமானோட வரமாட்டான்.”

“இது எருமைக் கயிறு ஐயா.”

“அவன் வாறதும் எருமையிலதான்.”

இதை விளங்கிக்கொள்ள வேண்டும். பாம்பு கடித்தால் வைத்தியரைக் கூப்பிடப் போகிறவனைத் தூதன் என்பார்கள். அந்தக் காலத்து விஷகடி வைத்தியர்கள் கடிபட்டவரைப் பார்க்கமுதல் தூதனைத்தான் பார்ப்பார்கள். எந்தத் திசையால் வருகிறான், கையில் என்ன, உடுப்பில் என்ன, எப்படி நிற்கிறான் என்று பார்த்து, கடிபட்டவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தீர்மானித்துவிடுவார்கள். குறி நல்லதென்றால் பாதிச் சோற்றில் எழும்பி வருவார்கள். குறி கெட்டதென்றால் எழும்பவே மாட்டார்கள்.

கெட்ட குறி எத்தனை உண்டோ அத்தனையையும் ஒன்றாய்க் கட்டிக்கொண்டு போய் நின்றவன் நான் ஒருவனாய்த்தான் இருக்கும்.

சீட்டில் விழுந்த அயல்

தங்கமக்கா யாரென்று சொல்லாமல் போனால் நான் ஏன் அந்தப் படலையில் நின்று மன்றாடினேன் என்று விளங்காது.

நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து போனபோது முதல் வந்தது ஆம்பிளைகள்தான். காடு வெட்டி, கொட்டில் போட்டு, பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. தங்கமக்கா அதைக் கேட்கவில்லை. “நீங்கள் போய்ப் பட்டினி கிடந்து சாகிறதுக்கு நான் ஊரிலயிருந்து அழவோ?” என்று கேட்டுவிட்டு, கந்தையாண்ணைக்குப் பின்னால் தானும் லொறியில் ஏறினவா. கந்தையாண்ணை அவாவின் புருசன். ஒரு சொல் கேட்டால் அரைச் சொல் திருப்பித் தருகிற மனுசர்.

அந்த முதல் வருசம் அந்தப் பக்கத்தில் எரிந்த ஒரே பெண்பிள்ளை அடுப்பு அவாவினது. என்னைப் போல் தனியனாய் வந்தவர்கள் எல்லாரும் அவாவின் குசினி வாசலில்தான் சோற்றுக் கோப்பையை நீட்டினோம். காய்ச்சலில் நான் கிடந்தபோது கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து, நான் குடிக்கும்வரை பக்கத்தில் நின்று பேசுவா. குடித்த பிறகும் பேசுவா.

அவாவின் காணிக்குப் பக்கத்துக் காணி எனக்கு எப்படி வந்தது? சீட்டுக் குலுக்கிக் காணி பிரித்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் காலை மிதித்துவிட்டான். நான் கேட்டேன், அவன் கேட்டான், இரண்டு பேரையும் பிடித்துக் கடைசியில் விட்டார்கள். பெட்டிக்குள் மிச்சமாய்க் கிடந்த சீட்டு என்னுடையது.

தங்கமக்கா அதற்கும் விதி என்றுதான் பெயர் வைத்தா. “நீ எனக்குப் பக்கத்தில வந்து விழவேணும் எண்டு எழுதிக்கிடக்கு” என்பா. கந்தையாண்ணை, “சும்மா தற்செயல்” என்பார். அவ்வளவுதான் அவர் சொல்லுவது. நான் சொல்லுவேன், “அது என்ர வாய். நான் பேசாமல் நிண்டிருந்தால் முன்னுக்கே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பன்.”

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டு வருகிற ஒரு வேதக்காரச் சிநேகிதன் எனக்கிருந்தான். அந்தோனி என்று பேர். நாங்கள் நெல் கொடுப்போம், அவன் கருவாடு தருவான். ஒருநாள் கருவாட்டுப் பெட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: “வலை நிறைஞ்சு வந்தால் ஆண்டவற்றை சித்தம் எண்டு மனுசி கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டு போறாள். வெறும் வலையாய் வந்தால் நீ எங்க பாத்துக்கொண்டு நிண்டனி எண்டு என்னைக் கேக்கிறாள்.”

என்னுடைய கதையும் அதுதான். அந்தோனிக்காவது வெறும் வலைக்குப் பேச்சு விழுந்தது. எனக்குப் பேச்சும் இல்லை, பேரும் இல்லை.

சரி, படலைக்கு வருவோம்.

கொடியில் காய்ந்த வேட்டி

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமே என்று இன்றைக்குக் கேட்பீர்கள். கிளிநொச்சிக்குப் போகிற பஸ் காலையோடு போய்விட்டது. மாட்டுவண்டியில் ஏற்றினால் காட்டுப்பாதையிலேயே எல்லாம் முடிந்துவிடும். பரியாரியார்தான் மிச்சம். அவர் வேர் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் மன்றாடிப் பார்த்தேன். கோபித்துப் பார்த்தேன். “உங்கட வீட்டு ஆளெண்டால் இப்பிடி இருப்பியளோ?” என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் கை ஒருதரம் நின்றது. பிறகு, “வீட்டை போய்ச் செய்யவேண்டியதைப் பாருங்கோ” என்றார். செய்யவேண்டியது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

அப்படிச் சொன்னால் அந்தக் காலத்துச் சனம் அழுதுகொண்டு திரும்பிவிடும். நானும் திரும்பித்தான் நடந்தேன். வேலி மூலைவரை போனேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. இவர் பார்த்தது தங்கமக்காவை இல்லை, என்னைத்தான். என்னைப் பார்த்துத்தான் அவா சாவா என்கிறார். அப்படியென்றால் மாறவேண்டியது நான்.

கயிறைக் கழற்றி வேலிக்கு வெளியே எறிந்தேன். முள்ளைப் பிடுங்கினேன். வீட்டுக்குப் பின்பக்கம் துலாக்கிணறு. கேளாமலே அள்ளி ஊற்றிச் சேற்றைக் கழுவினேன். ஈரம் போகாதே, அதற்கு என்ன செய்வது என்று நிற்கும்போது குசினி வாசலில் பரியாரியாரின் மனைவி வள்ளியம்மை நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒடிசலான மனுசி. கையில் அகப்பை.

“என்ன செய்யிறாய்?” என்றா, மெதுவாக.

“திரும்பவும் வரப்போறன் அம்மா. நல்ல குறியோட.”

அவா அகப்பையைக் கீழே வைத்தா. சிரிப்பாவா, துரத்துவாவா என்று எனக்குத் தெரியவில்லை.

“கொடியில வேட்டி காயுது,” என்றா. “நான் அங்காலை பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவா அங்காலே பார்த்தா. நான் வேட்டியை எடுத்துக் கட்டினேன். வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. நான் வெளிக்கிட, ஒரு செம்பில் பாலும் கொண்டு வந்து கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. அந்தப் பங்கை நான் அவாவுக்குக் கொடுக்கிறேன். எழுத்திலேயே கொடுக்கிறேன். மற்றவர்கள் எனக்குச் செய்வதை நான் ஒருவருக்கும் செய்வதில்லை.

வேலியில் செவ்வரத்தம்பூ இரண்டைப் பிடுங்கினேன். கிழக்குப் பக்கத்தில் படலை இல்லை. கிளுவை வேலிக்குள்ளால் நுழைந்து வந்தேன். பாலைச் சிந்தாமல் கிளுவை வேலிக்குள்ளால் நுழைவது என்னவென்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஏட்டில் இல்லாதது

முற்றத்துக் கிழக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு காலும் நிலத்தில். ஒன்றையும் பிடிக்கவில்லை. ஒரு கையில் பால், ஒரு கையில் பூ.

பரியாரியார் நிமிர்ந்தார்.

“நீ முந்தி வந்தவனெல்லோ?”

“அவன் போயிட்டான் ஐயா. இவன் வேற.”

“அது என்ர வேட்டி.”

“ஓம். வெள்ளை வேட்டி. ஈரமில்லை. கிழக்கால வந்திருக்கிறன். பால் கொண்டு வந்திருக்கிறன். தங்கமக்கா பிழைப்பாவோ இல்லையோ, பாத்துச் சொல்லுங்கோ.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். மூன்று தலைமுறை விஷயத்தை ஒரு குடியேற்றத்துக்காரன் வந்து விளையாட்டாக்குகிறான்.

“உதெல்லாம் விளையாட்டில்லை. குறி எண்டது தானாய் வரவேணும். நீ வெளிக்கிட்டுக் கொண்டு வாறது குறியே? கழுவிப்போட்டு வந்தால் விதி கழுவுப்பட்டுப் போமே?”

“கயிறும் நான்தானே கொண்டு வந்தனான் ஐயா. அதுவும் தானாய் வரேல்லை. நான் தோளில போட்டபடியால் வந்தது. அதை மட்டும் ஏன் குறி எண்டு எடுத்தனீங்கள்?”

பரியாரியார் கையிலிருந்த வேரைப் பாயில் வைத்தார். ஒரு கோழி பாயில் ஏறி வேரைக் கிளறியது. அதைத் துரத்தக்கூட அவர் கையசைக்கவில்லை.

அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து அந்த மனுசியின் குரல் வந்தது. சண்டைக் குரல் இல்லை. உப்பு எங்கே என்று கேட்பதுபோல.

“இஞ்சேருங்கோ. மாமா எழுதி வைச்ச ஏட்டில, இரண்டாந்தரம் வந்த தூதனைப் பற்றி என்ன சொல்லிக்கிடக்கு?”

அவர் யோசித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையாகவே யோசித்தார். உதடு மெல்ல அசைந்தது, பாட்டாய்ப் பாடமாக்கினதைத் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்ப்பதுபோல. கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்.

“ஒண்டும் இல்லை,” என்றார். “ஒருத்தரும் இரண்டாந்தரம் வந்ததில்லை.”

அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. எத்தனை வருசம், எத்தனை படலை. ஒருவரும் திரும்பி வரவில்லை. வைத்தியர் போகவில்லை, கடிபட்டவர் செத்தார், குறி பலித்தது. பிழைக்கிறதுக்கு வழியே விடாத குறி பலிக்காமல் என்ன செய்யும்? இதை அன்றைக்கே நான் இப்படி வகுத்துச் சொல்லவில்லை. பிறகு வயல் வரம்பில் இருந்து யோசித்தது. ஆனால் யோசித்தது நான்தான்.

பரியாரியார் எழும்பினார். பாயிலிருந்த வேரில் சிலதை எடுத்து மடியில் கட்டினார்.

“ஏட்டில இல்லாத இடத்தில எனக்கு மறிப்பும் இல்லை,” என்றார். “சைக்கிள் எங்க?”

அவர் உள்ளே மருந்துப் பொட்டலம் எடுக்கப் போன நேரத்தில் வள்ளியம்மை வந்து பால் செம்பை வாங்கினா.

“அவரை வன்மனம் எண்டு நினையாதை தம்பி. என்ர தமையனைக் கடிச்சபோது வந்தவன் கயிறோடதான் வந்தவன். நான் அழுது கும்பிட்டு இவரை அனுப்பினனான். தமையன் செத்துப்போனான். எங்கட சனம் இவர்தான் சாகடிச்சவர் எண்டு சொல்லிச்சுது. அண்டு தொடக்கம் அவர் குறியை மீறினதில்லை.”

அப்படிப்பட்ட மனுசிதான் எனக்கு வேட்டியைக் காட்டினவா. நான் தலையைக் குனிந்துகொண்டு குளக்கட்டுக்கு ஓடினேன்.

ஐயனார் மரத்தடியில்

பரியாரியார் கரியரில் ஒருபக்கமாய் இருந்தார். ஒரு கை மடிப் பொட்டலத்தில், மற்றக் கை என் இடுப்பில், அவருடைய வேட்டி என் இடுப்பில். “மெல்ல, மெல்ல” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் மெல்லப் போகவில்லை.

காட்டுப் பாதையில் ஒரு பாலை மரம். அதுதான் ஐயனார். அதைக் கடக்கிறவர்கள் ஒரு குழை முறித்துக் கொப்பில் கொளுவிவிட்டுத்தான் போவார்கள். யானை வராது, வழி தவறாது.

“நிப்பாட்டு,” என்றார்.

“ஐயா, அங்க அவா கண்ணை மூடப் போறா.”

“குழை கட்டாமல் இதால போகேலாது. நிப்பாட்டு.”

பிரேக் பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பிடித்தேன். அவர் இறங்கிப் பற்றைக்குள் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு ஒரு கொடியை வேரோடு இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இதை எடுக்கக் குளத்துக்கு அங்காலை ஆள் அனுப்பவேணும் எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான். பார், ஐயனார் இஞ்சையே வைச்சிருக்கிறார்.”

“வைச்சிருப்பார். பிரேக் பிடிச்சது நான்.”

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “உனக்கு ஐயனாரோடயும் பங்குச் சண்டையோ?”

“ஏறுங்கோ ஐயா.”

கசப்பு

தங்கமக்காவை முற்றத்து வேம்பின் கீழ்ப் பாயில் கிடத்தியிருந்தார்கள். கணுக்காலுக்கு மேலே கந்தையாண்ணையின் சால்வையால் கட்டு. கால் வீங்கி மினுங்கியது. கண் இமை இரண்டும் தூக்க முடியாமல் பாதியில் நின்றன. கந்தையாண்ணை அவாவின் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வழமையான அரைச் சொல்லும் அவரிடம் இல்லை.

தங்கமக்கா என்னைக் கண்டு நாக்குத் தடுக்கச் சொன்ன முதல் சொல், “எருமையை ஆர் பாக்கினம்?”

பரியாரியார் நாடி பார்த்தார். கடிவாயைப் பார்த்தார். வேப்பிலை உருவி அவாவின் வாயில் வைத்தார்.

“சப்பும் பிள்ளை. கசக்குதோ?”

அவா சப்பினா. நாங்கள் எல்லாரும் அவாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இல்லை,” என்றா. “வைக்கல் மாதிரிக் கிடக்கு.”

விஷம் ஏறியிருந்தால் வேம்பு கசக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். கந்தையாண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொடியை இடித்துச் சாறு பிழிந்து மூக்கில் விட்டார். வேரை அரைத்துக் கடிவாயில் அப்பினார். பிறகு எங்களைப் பார்த்து, “நித்திரை கொள்ள விடக்கூடாது. கதையுங்கோ” என்றார். கதையுங்கோ என்றால் எல்லாரும் அழத்தான் தொடங்கினார்கள். அழுகை தாலாட்டு மாதிரி, கேட்கிற ஆளுக்கு நித்திரைதான் வரும். தங்கமக்காவைக் கோபப்படுத்தினால்தான் கண் திறக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வருசம் முழுக்க அவாவிடம் சோறு தின்றவன் நான்.

“அக்கா,” என்றேன், காதுக்குப் பக்கத்தில் குந்தி. “உங்கட புளிக்கறி எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்லை. பசியில சாப்பிட்டது.”

இமை கொஞ்சம் அசைந்தது.

“சொதியும் அப்பிடித்தான். தண்ணிக்குள்ள மஞ்சள் போட்ட மாதிரி. நாங்கள் எல்லாரும் வாய்க்காலடியில இருந்து பகிடி பண்ணுறனாங்கள்.”

“ஆர்?” என்றா. குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “ஆர் பகிடி பண்ணினவை?”

“எல்லாரும்தான். கந்தையாண்ணையும்.”

கந்தையாண்ணை என்னைப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டு, “ஓம்” என்றார். பாவம், அந்த ஒரு சொல்லுக்கு அவர் எவ்வளவு காலம் பிறகு கணக்குச் சொல்லவேண்டி வந்தது.

சாய்ந்த வெயில் வேம்பின் உச்சிக்கு ஏறிப் போனது. ஒவ்வொரு தரமும் புது இலை. ஒவ்வொரு தரமும் “இல்லை.” நான் சொதியை முடித்துக் கத்தரிக்காய்க்கு வந்து, அதையும் முடித்து, கஞ்சிக்கு வந்தேன். வாய் உலர்ந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம் பரியாரியார் இன்னொரு இலையை வைத்தார்.

தங்கமக்கா சப்பினா. முகம் சுருங்கியது. தலையைத் திருப்பி நிலத்தில் துப்பினா.

“சீ, இதென்ன கண்டறியாத இலை. நாக்குக் கசந்து போச்சுது. இவன் முருகேசுவுக்கு இனி இந்த வீட்டில சோறு இல்லை.”

பரியாரியார் தன்னுடைய கையைத் தன்னுடைய நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்தார். அவர் யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். கந்தையாண்ணை மனைவியின் காலை மடியிலிருந்து இறக்காமலே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பங்கு பிரித்த விதம்

இனித்தான் என் வழக்கு.

அவா எழும்பி நடக்க, வற்றாப்பளை அம்மாள் கோயிலில் வைகாசிப் பொங்கல் வந்தது. கந்தையாண்ணை அம்மாளுக்கு நேர்ந்துவிட்டிருந்தார். வண்டில் கட்டிப் போய்ப் பொங்கினார்கள். அம்மாள் காப்பாற்றினா என்று முடிந்தது.

மாதத்தில் ஒருதரம் மருந்து தர வருகிற அப்போதிக்கரி கதையைக் கேட்டார். பாம்பு ஏதோ இரையைக் கடித்துவிட்டு வந்திருக்கும், விஷம் குறைவாய் இறங்கியிருக்கும், தற்செயல் என்று சொல்லிவிட்டு ஊசியைக் கொதிக்க வைத்தார்.

பரியாரியார் என்ன சொன்னார் தெரியுமோ? “ஆயுசு கெட்டி. நான் ஒரு சாட்டு.” அவர் தன்னுடைய பங்கையும் எடுக்கவில்லை, எனக்கும் தரவில்லை. நல்ல மனுசர், ஆனால் அந்த விஷயத்தில் எனக்குச் சரிவராது.

ஆனால் ஒன்று செய்தார். அதற்குப் பிறகு அவருடைய படலைக்கு உட்பக்கம் ஒரு கொடி கட்டி, அதில் தோய்த்துக் காய்ந்த வேட்டி ஒன்று எப்போதும் தொங்கும். யார் ஓடி வந்தாலும், “முதல் உதைக் கட்டிக்கொண்டு, கையில கிடக்கிறதை வைச்சுப்போட்டு, அந்தப் பக்கத்தால வா” என்பார். குறியை அவர் விடவில்லை. வருகிறவனுக்குக் குறி நல்லதாய் வர ஒரு வழி செய்துவிட்டார். திரும்பிப் போ என்ற சொல்லை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டதாக நான் அறியவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் கேட்டால், அது அவருடைய தகப்பன் காலத்து வழக்கம் என்கிறார்கள்.

வவுனியா ஐயா, உங்களுடைய கேள்விக்கு என் மூன்றாம் வகுப்பு மறுமொழி இதுதான். எல்லாம் முடிந்த பிறகு தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு அது விதியாய்த் தெரிகிறது. பக்கத்தில் நின்று வேடிக்கையாய் விடுப்புப் பார்த்தவர்களுக்குத் தற்செயலாய்த் தெரிகிறது. சைக்கிள் மிதிக்கிறவனுக்கு அது வெறும் மேடு. அவன் மிதிக்கவேண்டும், இல்லாவிட்டால் இறங்கவேண்டும்.

விதி இல்லையென்று நான் சொல்லவில்லை. அம்மாளுக்கு நானும்தான் கற்பூரம் கொளுத்துகிறேன். விதி தன்னுடைய பங்கை எடுக்கட்டும். தற்செயலும் எடுக்கட்டும். பாம்பு எடுத்தாலும் எடுக்கட்டும். என்னுடையதை வைத்துவிட்டு எடுக்கட்டும்.

தங்கமக்கா இன்னும் இருக்கிறா. பல் இல்லை, வாய் இருக்கிறது. வைகாசிக்கு வைகாசி வற்றாப்பளையில் அடுப்பு மூட்டி, பானை பொங்கும்வரை சுற்றி நிற்கிற சனத்துக்கு இந்தக் கதையைச் சொல்லுவா. அம்மாள் வருவா, ஐயனார் வருவார், பரியாரியாரின் கைராசி வரும், வேப்பிலை வரும். கடைசியில், “முருகேசுவும் அதில நிண்டவன்” என்பா.

நிண்டவன். வேம்பும்தான் அதில் நின்றது.

அக்கா, இதை உங்களுக்கு ஆராவது வாசித்துக் காட்டுவினம். கேளுங்கோ. நான் நிக்கேல்லை. நான் போனனான். போ எண்டு திருப்பி விட, திரும்பவும் போனனான். வாற பொங்கலுக்குக் கதை சொல்லேக்க அந்த இடத்தில, ‘முருகேசு இரண்டாந்தரமும் போனவன்’ எண்டு ஒரு வசனம் சேர்த்துச் சொல்லவேணும். வாய்க்குள்ள சொல்லாதேங்கோ. பக்கத்து அடுப்புக்காரருக்கும் கேக்கவேணும்.